மூக்கு ஒப்பரேசனுக்கு நகையை ஈடு வைக்கலாமா?

கேள்வி: கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். 2009 இல் எனக்குப் பத்து வயது. பங்கருக்கு மேல் அடுக்கியிருந்த பனங்குற்றி சரிந்து மூக்கு உடைந்து வளைந்துவிட்டது. ஒரு பக்கத்தால்தான் மூச்சு வருகிறது. போட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கொழும்பில் தனியார் கிளினிக் ஒன்றில் நாலரை இலட்சம் கேட்கிறார்கள். கையில் ஒன்றரை இலட்சம் இருக்கிறது. மீதிக்கு லோன் எடுக்கவா, அம்மாவின் நாலு பவுண் சங்கிலியை ஈடு வைக்கவா? இது வீண் ஆசை என்கிறார் அண்ணா.

பதில்: தங்கச்சி, இது வீண் ஆசை இல்லை. பதினைந்து வருடத்துக்கு மேலாக அந்த நாளை முகத்தில் சுமக்கிறீர்கள். அதை மாற்ற நினைப்பதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஆனால் லோனும் வேண்டாம், ஈடும் வேண்டாம். மூக்கு உடையும்போது இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் உள்ள சுவரும் சாய்ந்துவிடுவதுண்டு. ஒரு பக்கம் அடைப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய குறை, அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய், காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். தேவையென்றால் யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் தருவார்கள். நடுச்சுவரை நிமிர்த்தும்போதே வெளி வளைவையும் சேர்த்துச் சரிசெய்ய முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். உடைந்த மூக்குக்கு இரண்டையும் ஒன்றாகச் செய்வது வழக்கம்தான். முறை வர மாதக்கணக்கில் ஆகலாம், பொறுத்திருங்கள்.

லோன் கணக்கையும் பாருங்கள். மூன்று இலட்சம், கட்டக் கட்டக் குறையும் மீதிக்கு ஆண்டு வட்டி 30 வீதம், 24 மாதம் என்றால் மாதம் ஏறத்தாழ 16,775 ரூபாய். மொத்தம் நாலு இலட்சத்தைத் தாண்டும். நுண்கடனில் எங்கள் பெண்கள் பட்டபாடு உங்களுக்குத் தெரியாததல்ல. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்குட்பட்ட கடன்களையே 2018 இல் அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டிவந்தது. சங்கிலியை ஈடு வைத்தால், வட்டியை மட்டும் கட்டி வருடா வருடம் புதுப்பிக்கிற நிலைக்குத்தான் பலர் வருகிறார்கள்.

ஒன்றரை இலட்சத்தைத் தொடாதீர்கள். ஒப்பரேசன் எங்கே நடந்தாலும் ஒரு கிழமைக்கு மூக்கில் கட்டு இருக்கும், ஒன்றிரண்டு கிழமை லீவு வேண்டும். லீவு போடாமல் வேலைக்கு வந்தால் தரும் வரவுக் கொடுப்பனவும் போகும். அந்தச் செலவுக்கு அது உதவும்.

பிறகும் தனியாரிடம்தான் என்றால், முழுக் காசையும் சேர்த்த பிறகு மட்டும் செய்யுங்கள். மயக்க மருந்து, தியேட்டர், வாட்டில் தங்கும் செலவு, மருந்து எல்லாம் நாலரை இலட்சத்துக்குள் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். வீக்கம் முழுதாக வற்ற ஒரு வருடம்வரை ஆகும். வடிவு சரியில்லையென்றால் அதற்குப் பிறகுதான் இரண்டாவது ஒப்பரேசன். அதற்கு யார் காசு கட்டுவது என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.