வலப்பக்கக் கப் கழலவில்லையா? எந்தப் பக்கம் திருப்பினீர்கள்?

உப்புவெளிப் பழைய இரும்புக் கடையில் எடுத்த மவுண்டன் பைக் பிரேமில், செயின் பக்கத்து பொட்டம் பிராக்கெட் (பெடல் தண்டுகளான கிராங்குகள் பூட்டும் அச்சுத் தொகுதி) கப், அதாவது அதைப் பிரேமில் இறுக்கும் புரி வளையம், டூலுக்கு நீளப் பைப் போட்டு நெம்பியும் அசையவில்லை என்கிறீர்கள். தம்பி, முதலில் நெம்புவதை நிறுத்துங்கள். கப் இறங்கியிருக்கும் பிரேமின் குறுக்குக் குழாயின் அகலத்தை அளந்து பாருங்கள். 68 அல்லது 73 மில்லிமீற்றர் என்றால், பெரும்பாலும் வலப்பக்கப் புரி எதிர்ப்பக்கமாகத்தான் வெட்டியிருக்கும். கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இடப்பக்கம் வழமைபோல.

அப்புறம் உப்பு. எங்கள் கடற்காற்றில் கிடந்த இரும்புப் புரி சும்மா விடாது. சீற் கம்பியை உருவிவிட்டு, பிரேமை நிமிர்த்தி வைத்து, சீற் கம்பி இருந்த குழாய் வழியே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றுங்கள். நேரே கப்பின் உள்பக்கம் போய்ச் சேரும். ஒரு இரவு ஊறட்டும். கழற்றும்போது கப்பின் பற்களில் பொருந்தும் டூல் வழுக்காதபடி, கிராங்க் போல்ட்டை ஒரு தடித்த வாசருடன் அச்சில் பூட்டி டூலை அழுத்திப் பிடிக்க வையுங்கள். பல் ஒருமுறை தேய்ந்தால் பிறகு பெரும்பாடு.

கழன்றதும் பழையதை எறிந்துவிடாதீர்கள். அதன் உடலில் 68-113 என்பதுபோல் எண் இருக்கும். அதில் இரண்டாவது எண்தான் அச்சின் நீளம். உங்களிடமுள்ள கிராங்குக்கு அது பொருந்தினால் அதே அளவிலேயே வாங்குங்கள். பிரேம் நல்ல பிரேம், விட்டுவிடாதீர்கள்.