பேக் அழுத்தி விரித்த நுரையீரல் ஏன் மீண்டும் சுருங்குகிறது?

கேள்வி: லேப்ராஸ்கோபியில் பித்தப்பை அகற்றம். நோயாளி பெண்; உயரம் 155 செ.மீ., எடை 95 கிலோ. வயிற்றில் வாயு ஏற்றியதும் எஸ்பிஓ2 (ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு, சதவீதத்தில்) 98-லிருந்து 92-க்கு இறங்கியது. ஆக்சிஜனை 100 சதவீதமாக்கி, பேக்கை (கையால் மூச்சு கொடுக்கும் பை) அழுத்திப் பிடித்தால் ஏறுகிறது. வென்டிலேட்டருக்கு மாற்றிய சில நிமிடங்களில் மறுபடி இறங்குகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் மூச்சுக்குழாயில் போட்ட டியூபைப் பாருங்கள். வாயு ஏறும்போது உதரவிதானத்தோடு மூச்சுக்குழாய் பிரியும் இடமும் மேலே தள்ளப்படும். சரியாக இருந்த டியூப் வலது கிளைக்குள் போய்விடும். இருபக்கமும் ஸ்டெத் வைத்துக் கேளுங்கள். சளி அடைப்பு, பிராங்கோஸ்பாசம் (மூச்சுக்குழல் இறுக்கம்), நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்தல்) இல்லை என்பதும் உறுதியாக வேண்டும்.

ஏறி இறங்குவதற்குக் காரணம் இரண்டு. பேக்கிலிருந்து வென்டிலேட்டருக்கு மாற்றும் நொடியில் அழுத்தம் விழுந்து, விரிந்தது அங்கேயே மூடிக்கொள்கிறது. மற்றது, அந்த 100 சதவீத ஆக்சிஜன். நைட்ரஜன் எளிதில் ரத்தத்துக்குள் போகாது. காற்றறையில் தங்கி அதைத் தாங்கிப் பிடிக்கும். ஆக்சிஜன் மட்டும் இருந்தால் அது முழுதும் உறிஞ்சப்பட்டு அறை ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே வென்டிலேட்டரிலேயே விரியுங்கள். பிரஷர் கன்ட்ரோலில் (அழுத்தத்தை நிர்ணயித்து மூச்சு தரும் முறை), பீப்புக்கு (மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலில் விடாமல் வைக்கும் அழுத்தம்) மேல் 15 முதல் 20 செ.மீ. நீர் அழுத்தம் வைத்து, பீப்பை 5, 10, 15, 20 என ஏற்றுங்கள். படிக்கு ஐந்தாறு மூச்சு, கடைசிப் படியில் பத்து. உச்ச அழுத்தம் 40-ஐத் தொடலாம். இவ்வளவு பருமனும் வாயு ஏறிய வயிறும் சேர்ந்தால் 30 போதாது. பின் பீப்பை இரண்டிரண்டாக இறக்கி, கம்ப்ளயன்ஸ் (நுரையீரல் எளிதில் விரியும் தன்மை) எங்கே அதிகம் என்று குறியுங்கள். இறக்கும்போதே கொஞ்சம் மூடியிருக்கும் என்பதால் இன்னொரு முறை விரித்து, குறித்ததைவிட 2 கூட்டி வையுங்கள். இவருக்குப் பீப் 5 போதாது. பெரும்பாலும் 10-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ தேவைப்படும்.

ரத்த இழப்போ நீரிழப்போ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். விரிக்கும்போது சிஸ்டாலிக் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போனால் உடனே நிறுத்துங்கள். நுரையீரலில் புல்லா (வெடிக்கக்கூடிய காற்றுப் பை) இருப்பவருக்கும் மூளை அழுத்தம் கூடியவருக்கும் இதைச் செய்யவே வேண்டாம்.

டைடல் வால்யூமை (ஒரு மூச்சின் காற்று அளவு) 95 கிலோவுக்குக் கணக்கிடாதீர்கள். உயரத்தை வைத்துக் கணிக்கும் எடையை எடுங்கள்: பெண்ணுக்கு 45.5 + 0.91 × (155 − 152.4), அதாவது 48 கிலோ. கிலோவுக்கு 7 மி.லி. வீதம் சுமார் 335 மி.லி.

எஸ்பிஓ2 நிலைத்ததும் ஆக்சிஜனை 40 சதவீதத்துக்கு இறக்குங்கள். சக்‌ஷனுக்காக சர்க்யூட்டைக் கழற்றினால் மறுபடி விரிக்க வேண்டும். விழிக்கவைக்கும்போது தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி, பீப்பை விடாமல் பிரஷர் சப்போர்ட்டில் (நோயாளியின் சொந்த மூச்சுக்கு வென்டிலேட்டர் துணை தரும் முறை) மூச்சுவிடச் செய்யுங்கள். டிஓஎஃப் விகிதம் (தசைத்தளர்வு மருந்தின் விளைவு எவ்வளவு நீங்கியது என்பதன் அளவு) 0.9-ஐத் தாண்டிய பிறகே டியூபை எடுங்கள்.