வாசகர் கேள்வி பதில்: மாமியார் குடுத்த குயில்ட்டுக்கு வயசு என்ன?

கேள்வி: மேடம், நான் திருச்சி பொண்ணு, கல்யாணமாகி மிசூரியில இருக்கேன், வீட்டுக்காரர் அமெரிக்கர். மாமியார் அவங்க குடும்பத்து குயில்ட் ஒண்ணை, அதான் துண்டுத் துணியை ஒட்டி நடுவுல பஞ்சு வெச்சுத் தைச்ச போர்வை, எனக்குக் குடுத்திருக்காங்க. அவங்க பாட்டி பண்ணை வீட்டுல இருந்து வந்ததாம், அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்துல தைச்சதுங்கிறாங்க. போட்டோ அனுப்பியிருக்கேன். எல்லாம் சின்னச் சின்ன அறுகோணத் துண்டு, நடுவுல மஞ்சள், அதைச் சுத்தி பிளெயின் கலர்ல ஒரு சுத்து, அதுக்கு வெளிய பூப்போட்ட துணியில ஒரு சுத்து, பூவுக்கும் பூவுக்கும் நடுவுல வெளிர் பச்சை. பின்பக்க வெள்ளைத் துணியில ஒரே நேர்கோட்டுல குட்டிக் குட்டி ஓட்டையா இருக்கு, பூச்சி அரிச்சிருக்குமோன்னு பயமா இருக்கு. இது என்ன பேட்டர்ன், நிஜமாவே அவ்ளோ பழசா?

பதில்: பேட்டர்ன் பேரு சுலபம், கிராண்ட்மதர்ஸ் ஃப்ளவர் கார்டன். நடுவுல 1, சுத்தி 6, அதுக்கு வெளிய 12, ஆக ஒரு பூவுக்கு 19 துண்டு, போட்டோவுல எண்ணிப் பாத்தேன் கரெக்டா இருக்கு. பச்சை வர்ற இடம் தோட்டத்துல நடக்குற பாதையாம், சிலர் அதை வெள்ளையில விடுவாங்க.

வயசு விஷயத்துலதான் மாமியார் சொல்றதை என்னால ஒத்துக்க முடியல. போர் நடந்தது 1861ல இருந்து 1865 வரைக்கும். அறுகோண டிசைன் அப்பவே உண்டுங்கிறது உண்மை, கோடீஸ் லேடீஸ் புக்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகை 1835லயே அதைப் போட்டிருக்கு, அதனால பேட்டர்னை மட்டும் வெச்சு இது பழசு இது புதுசுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. துணியைத்தான் பாக்கணும். அதுலயும் இருக்கிறதுலயே புது துணி எதுன்னு தேடணும், ஏன்னா பாட்டி பொட்டியில அம்பது வருஷமா கிடந்த துண்டையும் நேத்து கடையில வாங்கின துண்டையும் சேர்த்துத்தான் தைப்பாங்க, கடைசியா வந்த துணி எந்த வருஷமோ அதுக்கு முன்னாடி அந்த குயில்ட் முடிஞ்சிருக்கவே முடியாது.

உங்களோடதுல மின்ட் பச்சை, லாவெண்டர், வெளிர் பிங்க், வெண்ணெய் மஞ்சள், பூப்போட்ட துணியில ஒரே துண்டுல நாலஞ்சு கலர். போர் காலத்து காட்டன்னா மஞ்சிட்டி வேர்ச் சாயத்துல வர்ற செங்கல் நிறமும் பிரவுனும், இண்டிகோ நீலம், டர்க்கி ரெட்னு ஒரு பளிச் சிவப்பு, பிங்க் மேலயே இன்னொரு பிங்க்ல அச்சடிச்ச டபுள் பிங்க், இப்படி அழுத்தமான கலரா இருக்கும். இந்த இளம் கலரெல்லாம் முதல் உலகப்போருக்கு அப்புறம் வந்த சமாசாரம். ஜெர்மனியில இருந்து வந்துட்டிருந்த சாயம் போரால நின்னு போச்சு, அமெரிக்கா சொந்தமா சாயத் தொழிலை வளர்த்துச்சு, 1920கள், 30கள்ல வெளிர் கலர் காட்டன் மலிவா எல்லாருக்கும் கிடைச்சது.

அந்த ஓட்டை பூச்சி அரிச்சது இல்லைங்க, அதுதான் இந்தப் போட்டோவுலயே எனக்கு ரொம்பப் புடிச்ச இடம். மாவு, சர்க்கரை, கோழித் தீவனம் எல்லாம் அப்போ காட்டன் சாக்குல வரும், சாக்கைச் சங்கிலித் தையல்ல மூடியிருப்பாங்க, நம்ம ஊர் அரிசி மூட்டை மாதிரி நுனியைப் புடிச்சு இழுத்தா சர்ருனு மொத்தமா பிரிஞ்சுடும், நூல் போனாலும் ஊசி போன ஓட்டை துணியில நின்னுடும். பண்ணை வீட்டுப் பெண்கள் அந்தத் துணியை வீணாக்கவே மாட்டாங்க, கவுன், தலையணை உறை, குயில்ட்னு எல்லாத்துக்கும் அதுதான். இது தெரிஞ்சு போய் கம்பெனிக்காரங்களே பூப்போட்ட சாக்குல தீவனம் விக்க ஆரம்பிச்சாங்க, டிசைன் மேட்ச் ஆகணும்னு அதே மாதிரி சாக்கா தேடி வாங்கினவங்க எல்லாம் உண்டு! பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, சாக்குல அச்சடிச்சு கழுவியும் போகாத எழுத்து மங்கலா தெரியலாம், தெரிஞ்சா உடனே போட்டோ எடுத்து வைங்க.

ஊரும் சரியா பொருந்துது. கான்சஸ் சிட்டி ஸ்டார் பத்திரிகை உங்க மிசூரிதான், 1928ல இருந்து 1961 வரைக்கும் குயில்ட் பேட்டர்ன் போட்டுட்டே இருந்தாங்க, அந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகள்ல அதை வெட்டி வெச்சுக்கிறது வழக்கம். மாமியாரோட பாட்டி பொட்டியில பேப்பர் கட்டிங் ஏதாவது இருக்கான்னு கேளுங்க.

ஆக என் கணக்கு 1930கள், இழுத்தா 40களோட தொடக்கம். ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கு, அந்தக் காலத்துல மேல் பக்கத்தை மட்டும் தைச்சு மடிச்சு வெச்சுட்டு முப்பது வருஷம் கழிச்சு மகளோ பேத்தியோ முடிச்ச கதையும் நிறைய. உள்ள இருக்கிற பஞ்சை ஒரு கிழிசல் வழியா பாருங்க, பாலியஸ்டரா இருந்தா முடிச்சது பெரும்பாலும் 1960கள்லயோ அதுக்கு அப்புறமோதான் இருக்கும். இருட்டுல பிளாக் லைட், அதான் புற ஊதா விளக்கு, அடிச்சும் பாக்கலாம். ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் வந்த டிடர்ஜென்ட்ல வெண்மை தர்ற கெமிக்கல் இருக்கும், அது நீலமா மின்னும். மொத்த குயில்ட்டும் ஒரே மாதிரி மின்னினா யாரோ டிடர்ஜென்ட்ல துவைச்சிருக்காங்க, அதை வெச்சு வயசு சொல்ல முடியாது. ஒரு துண்டு மட்டும் மின்னினா அது பின்னாடி ஒட்டுப் போட்டது.

பஞ்சுல விதை தெரிஞ்சா 1793க்கு முந்தினது, பஞ்சுல இருந்து விதையைப் பிரிக்கிற காட்டன் ஜின் மெஷின் வர்றதுக்கு முன்னாடின்னு யாராவது அடிச்சு விடுவாங்க, கண்டுக்காதீங்க. மலிவான பஞ்சுல விதைத் துணுக்கு எப்பவும் இருந்திருக்கு.

மாமியார் பொய் சொல்றாங்கன்னு அர்த்தம் இல்ல, அந்த வீட்டுல உள்நாட்டுப் போர் காலத்து குயில்ட் ஒண்ணு தனியா இருந்து ரெண்டு கதையும் ஒண்ணா கலந்திருக்கலாம். எப்படிச் சொல்றதுங்கிறது உங்க சாமர்த்தியம். எழுத்துல மதிப்பு வேணும்னா அமெரிக்கன் குயில்டர்ஸ் சொசைட்டி சர்டிஃபை பண்ணின மதிப்பீட்டாளர்கள் இருக்காங்க. நெப்ராஸ்காவுல லிங்கன் நகரத்துல இன்டர்நேஷனல் குயில்ட் மியூசியமும் இருக்கு, ஒரு நடை போய் அசலைப் பாத்துட்டு வாங்க.

கேள்வி: எங்க ஹவுஸ் ஓனர் அம்மா காலி பண்ணிட்டுப் போறப்ப வெல்வெட்டும் பட்டுமா கோணல் மாணலா தைச்ச குயில்ட் குடுத்தாங்க, மூலையில 1887னு எம்ப்ராய்டரி இருக்கு. பட்டு பொடிப்பொடியா உதிருது. துவைக்கலாமா? (நியூஜெர்சி வாசகர்)

பதில்: துவைக்கவே கூடாது, டிரை கிளீனிங்கும் வேண்டாம். இது கிரேஸி குயில்ட், 1876 பிலடெல்பியா கண்காட்சிக்கு அப்புறம் கிளம்பி 1880கள்ல உச்சத்துக்குப் போன மோகம், அதனால அந்த வருஷத்தை நம்பலாம், ஆனா யாராவது பொறந்த வருஷத்தையோ கல்யாண வருஷத்தையோ தைச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு. பட்டு உதிர்றதுக்குக் காரணம், கனமா தெரியணும்னு அப்போ பட்டுக்குச் சாயம் போடுறவங்க வெள்ளீயம், இரும்பு மாதிரி உலோக உப்புல முக்கி எடுப்பாங்க, அது உள்ள இருந்தே நூலை அறுத்துடும். பிளாஸ்டிக் கவர்ல போடாம ஆசிட் ஃப்ரீ டிஷ்யூ பேப்பர் வெச்சு, முடிஞ்சா மடிக்காம உருட்டி, பழைய காட்டன் பெட்ஷீட்ல சுத்தி வெயில் படாத அலமாரியில வைங்க. உதிர்ற இடத்துல மேலால மெல்லிய நெட் துணி தைச்சு நிறுத்தலாம், அதை துணி கன்சர்வேஷன் தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துப் பண்ணுங்க, டெய்லர் கடைக்கு வேண்டாம்.