மறு: சபை ஊழியம், சாயங்கால வீடு சந்திப்புக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது

இருட்டிய பிறகு வீடு சந்திக்கப் போனால் ஒருவர் குடித்துவிட்டு ஜெபம் கேட்கிறார் என்றீர்களே, அவர் வீட்டுக்குள் போகவே வேண்டாம் அக்கா. திண்ணையிலேயே நின்று ஜெபியுங்கள், அதுவும் ஊழியம்தான். முடிந்தால் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சேகரத்தில் (ஒரே போதகரின் கீழ் உள்ள சபைகளில்) யாருக்கும் தெரியாததுதான் பயத்துக்குக் காரணமாக இருக்கும். நாங்குநேரிப் பக்கம் ஊருக்கு ஊர் உடைமரக் காடு, கடைசி பஸ்ஸும் போய்விட்டால் கேட்கவே வேண்டாம்.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். போகிற வீடு, திரும்பும் நேரம் இரண்டையும் ஐயரம்மாவுக்கு (போதகரின் மனைவிக்கு) வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். நேரம் தாண்டியும் அவர் கூப்பிடவில்லை என்றால் அந்த ஏற்பாடு பேருக்குத்தான். வேறு ஆளிடம் சொல்லி வையுங்கள்.

ஆனால் அந்தக் குடிகாரர் பின்தொடர்ந்து வந்தால் சபைக் கமிட்டி கூடும்வரை காத்திருக்காதீர்கள். உடனே அவசர உதவி எண் 112. பேசி ஆலோசனை கேட்கப் பெண்கள் உதவி எண் 181.