மெஷ் வாங்குமுன் வலையைப் பாருங்கள்

கேள்வி: வீட்டு உள்ளலங்காரம் வரைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. “3டியும் வரும்” என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஆட்டோகேட் எல்டி என்ற வரைபட மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். மெஷ் (பொருளின் மேற்பரப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களால் பின்னிய 3டி வலை) கட்டளை ஒன்றுகூட இல்லை. (திருச்சி)

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. எல்டி 2டி வரைபடத்துக்கானது. அடுத்தவர் அனுப்பிய 3டி கோப்பைத் திறந்து சுற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். மெஷ் போடவும் திருத்தவும் முழு ஆட்டோகேட் வேண்டும். அவர் வாட்ஸ்அப்பில் அப்படி எழுதியிருந்தால் அழித்துவிடாதீர்கள். பில் நகலோடு, பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். “தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் செல்லாது” என்று மிரட்டுவார்கள். அசராதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கியவரும் 2019 சட்டப்படி நுகர்வோர்தான்.

கேள்வி: பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு 1,500 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா? (சேலம்)

பதில்: வேண்டாம். அதன் சொந்தத் தளத்திலேயே இலவசம்.

கேள்வி: இணையத்தில் 2,200 ரூபாய்க்கு ஒரு குத்துவிளக்கு மாடல் வாங்கினேன். தண்டைக் கொஞ்சம் நீட்ட வேண்டும். எங்கே தொட்டாலும் ஒரு சின்ன முக்கோணம்தான் அகப்படுகிறது. (மதுரை)

பதில்: பளபளவென்று ரெண்டர் செய்த (ஒளியும் நிறமும் சேர்த்து நிஜம்போல் ஆக்கிய) படத்தை மட்டும் காட்டி விற்கிற இந்த வழக்கம் எனக்கு ஆறவே ஆறாது. நானும் ஒரு மரத்தூண் மாடலில் 3,000 ரூபாய் விட்டவன். பீடத்தைக் குட்டையாக்கலாம் என்று வயர்ஃப்ரேமுக்கு (வலையின் கோடுகளை மட்டும் காட்டும் பார்வைக்கு) மாற்றினேன். திரையே கறுத்துவிட்டது, அவ்வளவு முக்கோணங்கள். கிட்டே போய்ப் பார்த்தால், பூவேலைக்குப் பின்னால் வரிசையாக ஓட்டைகள். ஓட்டை இருக்கும்வரை மெஷ்ஷைச் சாலிடாக (உள்ளும் நிறைந்த திடப்பொருளாக) மாற்ற முடியாது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒட்டுப்போட்டேன்.

திருத்துவதற்கென்று செய்த மெஷ்ஷில் பெரும்பாலும் நாலு பக்க ஃபேஸ்கள் (வலையின் கட்டங்கள்) வரிசை வரிசையாக ஓடும். தண்டைச் சுற்றியுள்ள வளையத்தை எளிதாகப் பிடிக்கலாம். அதனால் பணம் கட்டுமுன் வயர்ஃப்ரேம் படமும் ஃபேஸ் எண்ணிக்கையும் கேளுங்கள். காட்ட மறுக்கிறவரிடம் வாங்கவே வேண்டாம். 3டி அச்சுக்கான எஸ்டிஎல் கோப்பு மட்டும்தான் என்றால் இன்னும் கவனம்: அதில் இருப்பது முக்கோணங்கள் மட்டுமே, மில்லிமீட்டரா அங்குலமா என்ற குறிப்புகூட இருக்காது.

உங்கள் விளக்கைக் காப்பாற்றலாம். தண்டின் நேரான பகுதிக்கு மேலே உள்ள முக்கோண முனைகள் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து உயர்த்துங்கள். இடையிலுள்ள முக்கோணங்கள் நீண்டு கொடுக்கும், வடிவம் கெடாது.

கேள்வி: ஆட்டோகேடில் நாற்காலி மெஷ் ஒன்றை மூன்று முறை முழுசாக ரீஃபைன் செய்தேன் (கட்டங்களை இன்னும் பொடியாகப் பிரித்தேன்). கணினி நகரவே இல்லை. 38,000 ரூபாய்க்கு கிராஃபிக்ஸ் கார்டு போட்டும் அதே கதைதான். இன்னும் பெரிய கார்டு எது? (ஈரோடு)

பதில்: 38,000 ரூபாயை எடுத்து வைக்குமுன் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கார்டில் கோளாறு இல்லை. ஸ்மூத் நிலை (வளைவு எவ்வளவு வழவழப்பாகத் தெரியும் என்பது) 0 முதல் 4 வரை, ஏற்றினால் இறக்கிக்கொள்ளலாம். ரீஃபைன் அப்படியல்ல. நிலை 1-ல் வைத்துச் செய்தாலே ஒவ்வொரு ஃபேஸும் நாலாகப் பிரிந்து அப்படியே நின்றுவிடும். மூன்று முறைக்கு 64 மடங்கு. பழைய பிரதி இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். வளைவு வேண்டிய ஃபேஸை மட்டும் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு தேர்ந்தெடுத்து ரீஃபைன் செய்தால் போதும். புதுக் கார்டு வேண்டாம்.