மூளையும் பருப்பொருள்தான் என்றால், நனவு எங்கிருந்து வருகிறது?

நனவு என்பது, வலியோ நிறமோ ‘எனக்கு’ நேர்வதாக உள்ளிருந்து உணரப்படும் அனுபவம். அதற்கு மூளையின் பருப்பொருள் இன்றியமையாதது. ஆனால் அளவு மட்டும் போதாது. மனித மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில்தான் உள்ளன. எனினும் அதை இழந்தவர்களுக்கு நடையும் பேச்சும் தடுமாறுமே தவிர நனவு மறைவதில்லை. சிறுமூளைச் சுற்றுகள் பெரும்பாலும் தனித்தனியே இயங்க, பெருமூளைப் புறணியும் (மூளையின் மடிப்பான வெளிப்படலம்) தலாமசும் (மூளையின் நடுவே செய்திகளைக் கடத்தும் பகுதி) செய்திகளை இடைவிடாமல் ஒன்றுக்கொன்று திருப்பி அனுப்பிக்கொள்வதே காரணம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். தேர்வுக் கூடத்தில் ஆயிரம் பேர் அருகருகே அமர்ந்து எழுதினாலும் அது உரையாடலாகாது. திண்ணையில் நால்வர் பேசினால் ஆகிவிடும். (அந்த உரையாடல் ஏன் ‘உணரப்பட’ வேண்டும் என்பது மட்டும் அவிழாத முடிச்சு.) மயக்க மருந்து மூளையை அணைத்துவிடுகிறது என்பதும் தவறு, நரம்பணுக்கள் ஓரளவு இயங்கிக்கொண்டே இருக்க, அவற்றுக்கிடையேயான தொடர்பே பெரிதும் குலைகிறது.