தகடூரில் ஒரு நாள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் சனிக்கிழமை தர்மபுரியில், அதாவது பழைய தகடூரில், தங்குகிறோம். ஒகேனக்கல்லைத் தவிர அங்கே ஒன்றுமில்லை என்கிறார் அவர். எனக்கு ஊரைப் பார்க்க ஆசை. ஒரே நாளில் இரண்டும் முடியுமா?

ஒரு வாசகி, தாம்பரம்

அன்புள்ள வாசகிக்கு,

முடியும், ஆனால் இரண்டையும் பார்த்ததாக ஆகாது. ஒகேனக்கல் தர்மபுரியிலிருந்து ஏறத்தாழ 46 கிலோமீட்டர். போய், பரிசல் ஏறி, எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் சாப்பிட்டுத் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். சனிக்கிழமையை ஊருக்குக் கொடுங்கள்.

காலையில் கோட்டைக் கோயில். நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும். அங்குள்ள மல்லிகார்ச்சுனர் கோயிலில் தரையில் முழுதாக ஊன்றாத ஒரு தூண் உண்டு. அதன் அடியில் தாளை நுழைத்து இழுத்துக் காட்டுவார்கள். எல்லாரும் அதைப் பார்த்து வியந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் காமாட்சியம்மன் சன்னிதிக்குச் சென்று அதன் அடித்தளத்தைப் பாருங்கள். யானைகள் தாங்கி நிற்கும் அந்தத் தளத்தில் இராமாயணக் காட்சிகளைச் சிறுசிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்தால் போதாது, உட்கார வேண்டும். உங்கள் கணவர் எந்தக் காட்சி எதுவென்று கண்டுபிடிக்கத் தொடங்கினால், அவரை அங்கிருந்து கிளப்புவதுதான் உங்கள் கவலையாக இருக்கும்.

அடுத்து அரசு அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை, இரண்டாம் சனிக்கிழமை என்றால் விசாரித்துக்கொண்டு போங்கள். மாண்ட வீரர்களுக்கு நினைவாக நட்ட இந்த வட்டாரத்து நடுகற்களுக்காகவே அங்கே போகலாம். ஆநிரை கவர வந்தவர்களோடு பொருது மாண்ட வீரன் வில்லும் வாளுமாக நிற்பான். சில கற்களில் உடலில் தைத்த அம்புகள்கூடத் தெரியும். மேலே வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும், எந்தத் தொறுவை (மாட்டு மந்தையை) மீட்கும்போது பட்டான் என்பதும் இருக்கும். அரண்மனைக் கவிஞர் எவரும் பாடாத, மாடு காத்த மனிதர்கள் இவர்கள். இந்தத் தகடூரை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவை பாடியதும் நடுகல்லைத்தான். மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்த்தால் ஏற்பானோ, நாடே கொடுத்தாலும் கொள்ளாதவன் என்று கேட்கும் அந்தப் பாட்டு புறநானூற்றில் 232ஆவது. போவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். கல்லின் முன் நின்று கைபேசியில் தேடுவது சரிப்படாது.

மாலையில் தெம்பிருந்தால் சேலம் சாலையில் அதியமான்கோட்டை. சென்னராயப் பெருமாள் கோயில் விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. அன்று தேய்பிறை அஷ்டமியாக இருந்தால் காலபைரவர் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் சிக்கிக்கொள்வீர்கள், விட்டுவிடுங்கள். தெம்பில்லையென்றாலும் விட்டுவிடுங்கள்.

கணவரின் ஆசையும் நியாயமானதுதான். இன்னோர் இரவு தங்கி, ஞாயிறு விடிந்ததும் ஒகேனக்கல்லுக்கு பஸ் ஏறுங்கள். கிளம்பும் முன் காவிரியில் நீர்வரத்து எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் மழை கொட்டி வெள்ளம் வந்தால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். அப்படி ஆனால் அவருக்கு மீன் வறுவல் மட்டும்தான்.